ஓணானின் எட்டாவது மணி

கண்டி நகரை விட்டு அனிவத்தைக் குன்றுக்கு ஏறும் சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. முன்புறம் ஒரு சிறிய திண்ணை. திண்ணைக்கு அப்பால் செவ்வரத்தை வேலி. இரவெல்லாம் பெய்த மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் காலை நேரத்தில், அந்த வேலியின் உச்சிக் கிளைக்கு ஒரு பச்சை ஓணான் ஏறி வந்து அமர்ந்துகொள்ளும். உடம்பு இளம் வாழையிலைப் பச்சை. தலையோ, குங்குமத்தைக் குழைத்து அப்பியது போன்ற சிவப்பு. முன்னங்கால்களை ஊன்றி, உடலை மேலும் கீழும் ஆட்டி, 'இந்த வேலி என்னுடையது' என்று அது பறைசாற்றும். நம்மவர் பலர் இதனைப் பச்சோந்தி என்றே சொல்லுவர், அது பிழை. மெய்யான பச்சோந்தியைக் காண வேண்டுமானால் புத்தளம் போன்ற வறண்ட பகுதிகளுக்குத்தான் போகவேண்டும். இது ஓணான் இனம். சிங்கள மக்கள் 'பலா கட்டுஸ்ஸா' என்பார்கள்.

அந்தச் சிவப்புத் தலையை நான் இப்போதெல்லாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் விலங்கியல் படிப்பித்தவன் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் சற்று அந்தரங்கமானது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. சென்ற ஆண்டு எனக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பதாக வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி என் உடலில் எதை அடைத்து வைத்திருக்கிறதோ, அதுவேதான் வேலியில் இருக்கும் ஓணானின் தலையைச் சிவக்க வைக்கிறது. ஒரே மூலக்கூற்றுக் குடும்பம். இங்கே அடைப்பு, அங்கே பெருக்கு. இந்த உறவை அறிந்த நாள்முதல், வேலியில் இருப்பவன் எனக்கு அயலானாகத் தெரியவில்லை.

நான் பேராதனையில் மாணவனாகச் சேர்ந்தது 1966ஆம் ஆண்டு. அந்நாளில் மூளையின் அடியில் பயறு அளவில் தொங்கும் கபச்சுரப்பியை, 'சுரப்பிகளுக்கெல்லாம் அதிபதி' என்று பாடப்புத்தகங்கள் புகழ்ந்தன. அதுவே ஏனைய சுரப்பிகளுக்குக் கட்டளை இடுவது. அதற்குக் கட்டளை இடுவார் எவருமில்லை என்ற தோரணையில் நாங்களும் படித்துப் பரீட்சை எழுதினோம். பிற்காலத்தில் நானும் அதையே தமிழில் படிப்பித்தேன். கபச்சுரப்பி, பரிவகக்கீழ், ஓமோன் என்ற சொற்களை அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளிலிருந்து பொறுக்கி எடுத்துக் கரும்பலகையில் எழுதிய நாட்கள் அவை. சொற்கள் நிலைத்துவிட்டன; அதிபதியின் பதவிதான் நிலைக்கவில்லை.

அந்தப் பதவியை முதலில் அசைத்தவர் ஜெஃப்ரி ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர். பரிவகக்கீழ் என்பது மூளையின் அடித்தளத்தில் உள்ள ஒரு சிறு பகுதி. அதனைக் கபச்சுரப்பியோடு இணைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் உண்டு. மூளை தன் ஆணைகளை நரம்பின் வழியாக அல்ல, இந்தக் குழாய்களில் ஓடும் இரத்தத்தின் வழியாக, ஏதோ ஓர் இரசாயனப் பொருளாகக் கபச்சுரப்பிக்கு அனுப்புகிறது என்று ஹாரிஸ் வாதிட்டார். 1955ஆம் ஆண்டிலே தம் கருத்தை ஒரு நூலாகவும் வெளியிட்டார். கருத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொருளைக் கண்ணால் கண்டவர் யார்?

காண்பதற்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் ரொஜர் கிலெமின், பிரான்சில் பிறந்தவர். மற்றவர் அன்ட்ரூ ஷாலி, போலந்தில் பிறந்தவர். இருவரும் அமெரிக்காவில் ஒருகாலத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் சேர்ந்து உழைத்துப் பின்னர் பிரிந்தவர்கள். பிரிந்தபின் ஒருவரை ஒருவர் முந்துவதே வேலை என்று ஆயிற்று. கிலெமின் செம்மறியாட்டு மூளைகளைச் சேர்த்தார். ஷாலி பன்றி மூளைகளைச் சேர்த்தார். கசாப்புச் சாலைகளிலிருந்து உறைபனியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட மூளைத் துண்டுகளை அரைத்து, கரைத்து, வடித்து, மறுபடியும் வடித்து, ஒரு சிமிட்டா அளவுக்கும் குறைவான பொருளைப் பெறுவதற்காக அவர்கள் செலவழித்த ஆண்டுகள் பத்துக்கு மேல். ஷாலியின் குழுவினர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளின் பரிவகக்கீழ்ப் பகுதிகளிலிருந்து பெற்றது ஒரு மில்லிகிராம்கூடத் தேறவில்லை. அதை வைத்துக்கொண்டு, அக்குழுவைச் சேர்ந்த ஜப்பானியராகிய மட்சுவோ 1971ஆம் ஆண்டில் அதன் அமைப்பை வெளிப்படுத்தினார். கிலெமின் குழுவினரும் அதே காலத்தில் அதே விடையை அடைந்தார்கள். அந்த ஆண்டு முடியுமுன்னே ஹாரிஸ் காலமாகிவிட்டார். 1977ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிலெமினுக்கும் ஷாலிக்கும், வேறொரு கண்டுபிடிப்புக்காக ரொசலின் யாலோவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் போட்டியிட்ட அந்த இருவரும் 2024ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். காலம் சில வேளைகளில் இப்படியும் கணக்குத் தீர்க்கிறது.

அவர்கள் கண்ட பொருள் என்ன? பத்து அமினோ அமிலங்கள் ஒரு நூலில் கோத்தாற்போல வரிசையாக இணைந்த ஒரு சிறு சங்கிலி. அவ்வளவுதான். மனிதனை இளைஞனாக்குவதும், பெண்ணைத் தாயாகும் பருவத்துக்குக் கொண்டுவருவதும், பசுவைச் சினைப்படச் செய்வதும் ஆகிய பெருங்காரியங்களுக்கெல்லாம் முதல் ஆணை இந்தப் பத்து மணிச் சரம்தான். பரிவகக்கீழிலிருந்து வெளிப்பட்டு, கபச்சுரப்பியை அடைந்து, அங்கே அடைபட்டிருக்கும் இனப்பெருக்க ஓமோன்களை இது விடுவிக்கிறது. ஆகையால் 'விடுவிப்பு ஓமோன்' என்பது அதன் பெயர். விஞ்ஞானிகள் ஜீ.என்.ஆர்.எச். என்பார்கள். நான் இங்கே 'விடுவிப்பான்' என்று சுருக்கிச் சொல்லிப்போகிறேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

மணிகளின் வரிசையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். முதல் மணி குளூட்டமிக் அமிலத்தின் வாய் மூடிய ஒரு வடிவம். அடுத்தவை ஹிஸ்டிடின், டிரிப்டோபன், செரின், டைரோசின், கிளைசின், லூசின், ஆர்ஜினின், புரோலின், இறுதியில் மறுபடியும் கிளைசின். முதல் முனையும் மூடப்பட்டது. கடைசி முனையும் மூடப்பட்டது. இரு தலைப்பும் முடிச்சிட்ட மாலையை ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றி எண்ணுவது எப்படி? அந்தக் காலத்து இரசாயனிகள் இந்த முடிச்சினால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மனிதன், பன்றி, ஆடு மூன்றுக்கும் ஒரே சரம் என்றதும், உலகத்து முள்ளந்தண்டு விலங்குகள் எல்லாவற்றுக்கும் இதுவேதான் என்று பலர் எண்ணிவிட்டார்கள். அப்படி அல்ல என்று காட்டியது தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரத்து ஆய்வு. ஜூடி கிங், ரொபர்ட் மில்லர் என்ற இருவர், பலவகை விலங்குகளின் மூளைச் சாற்றை எடுத்துப் பிறபொருளெதிரிகளைக் கொண்டு சோதித்தார்கள். பிறபொருளெதிரி என்பது நமது உடல், அந்நியப் பொருளைப் பிடிப்பதற்கு வார்த்து வைக்கும் அச்சு. ஓர் அச்சு மாலையின் தலைப்பக்கத்தைப் பிடிக்கும். இன்னொன்று நடுவைப் பிடிக்கும். மற்றொன்று வால்பக்கத்தைப் பிடிக்கும். தவளையின் விடுவிப்பானை எல்லா அச்சுக்களும் பிடித்தன. பறவையினதையும், மீனினதையும், நகருயிரினதையும் சில அச்சுக்கள் பிடித்தன, சில கைவிட்டன. எனவே மாலை ஒன்றுதான், ஆயின் ஏதோ ஒரு மணி வேறு. 1980ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட செய்தி இது.

எந்த மணி? 1982ஆம் ஆண்டில் கோழி மூளையிலிருந்து விடை வந்தது. கேப் டவுனிலும் ஜப்பானிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில். எட்டாவது மணி. நம்மிடம் ஆர்ஜினின் இருக்கும் இடத்தில் கோழியிடம் குளூட்டமின் இருந்தது. ஏனைய ஒன்பதும் அச்சுப் பிசகாமல் ஒன்றே. இரண்டு ஆண்டு கழித்து இன்னோர் ஆச்சரியம். அதே கோழியின் மூளையிலே இரண்டாவது விடுவிப்பான் ஒன்றையும் ஜப்பானிய அறிஞர் மியாமோட்டோ கண்டெடுத்தார். இதிலே ஐந்தாவது, ஏழாவது, எட்டாவது மணிகள் மூன்றும் வேறு. ஒரே மூளையில் இரண்டு மாலைகள்!

நகருயிர்களின் முறை 1991இல் வந்தது. கனடாவின் விக்டோரியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி ஷெர்வுட் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அமெரிக்க முதலையின் மூளைச் சாற்றைக் கண்ணாடித் தூள் போன்ற பொருள் அடைத்த நீண்ட குழாய்களினூடே செலுத்தினார்கள். இக்குழாயிலே ஒவ்வொரு பொருளும் தன் தன் இயல்புக்கேற்பத் தங்கித் தங்கி வெளிவரும். ஒரு மணி மாறினால்கூட வெளிவரும் நிமிடம் மாறும். அப்படிப் பிரித்து, முடிச்சவிழ்த்து, மணிமணியாக எண்ணியபோது முதலையின் மூளையிலும் இரண்டு விடுவிப்பான்கள். இரண்டும் கோழியினுடையவையே! பறவைக்கு மிக நெருங்கிய உறவு முதலைதான் என்று எலும்பையும் இதயத்தையும் வைத்து நாங்கள் வகுப்பிலே சொல்லி வந்தோம்; மூளையின் ஆணையும் அதற்குச் சாட்சி சொல்லிற்று.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தவளைக்கும் மனிதனுக்கும் எட்டாவது மணி ஒன்று. முதலைக்கும் கோழிக்கும் வேறு. மனிதன் தவளையைவிட ஓணானுக்கும் முதலைக்கும் அல்லவா நெருங்கியவன்? அப்படியானால் மாறியவர்கள் நாம் அல்லர். தவளையும் நாமும் பழைய மணியை வைத்திருக்கிறோம். நகருயிரும் பறவையுமாகப் பிரிந்துபோன கிளையிலேதான் மணி மாறியிருக்கிறது. அந்தக் கிளை நம்மிடமிருந்து பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மாற்றம் எவ்வளவு பெரிது என்று கேட்டால், எழுத்துக் கணக்கில் ஒன்றே ஒன்று. பரம்பரையலகிலே ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் மூன்றெழுத்துச் சொல் உண்டு. ஆர்ஜினினைக் குறிக்கும் சில சொற்களில் நடு எழுத்தை மட்டும் மாற்றினால் அது குளூட்டமின் ஆகிவிடும். ஏட்டைப் பிரதிசெய்தவன் ஓரெழுத்தைப் பிசகி எழுதினான். அந்தப் பிசகே ஒரு பரம்பரையின் பாடமாக நிலைபெற்றுவிட்டது. சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இரண்டாவது விடுவிப்பானின் கதை இதனினும் விசித்திரமானது. சுறா இனத்து மீனிலும், எலும்புள்ள மீனிலும், முதலையிலும், கோழியிலும் ஒரு மணிகூட மாறாமல் அது இருக்கிறது. நாற்பது கோடி ஆண்டுகளாக எழுத்துப் பிசகாமல் ஓதப்பட்டு வந்த மந்திரம் என்று சொன்னால் மிகையாகாது. 1998ஆம் ஆண்டில் மனிதனின் பரம்பரையலகுகளிலும் அதே சரத்துக்கான எழுத்துக்கள் இருப்பது தெரியவந்தது. ஆனால் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டிய பூட்டுக்கான பரம்பரையலகு, மனிதனிடத்தில் உடைந்து கிடக்கிறது. திறவுகோலைக் காத்து வைத்திருக்கிறோம், பூட்டைக் காணோம். எங்கள் பழைய வீட்டிலும் அப்படி ஒரு திறவுகோல் இருந்தது. கொழும்பு வீதியில் என் தந்தையார் கடை வைத்திருந்த காலத்துத் திறவுகோல். கடை கைமாறிப் போனது. திறவுகோலை மட்டும் அம்மா சாமியறையில் வைத்திருந்தார்.

இனி, என் ஊசிக்கு வருகிறேன்.

மூளையில் விடுவிப்பானைச் சுரக்கும் உயிரணுக்கள் மனிதனுக்குச் சில ஆயிரமே. கோடானுகோடி உயிரணுக்கள் உள்ள மூளையில் இது ஒரு சிற்றூரின் குடிசனம். அதிலும் ஒரு விந்தை: இவை பிறப்பது மூளையில் அல்ல, மூக்கில். கருவிலே மூக்குப் பகுதியில் தோன்றி, அங்கிருந்து நரம்பு வழியே நடந்து மூளைக்குள் குடியேறுகின்றன. 1989ஆம் ஆண்டில் எலிக் கருக்களில் இதனைக் கண்டறிந்தார்கள். அந்தப் பயணம் தடைப்பட்ட சிலருக்கு மணம் அறியும் சக்தியும் இருப்பதில்லை, பருவமடைதலும் நிகழ்வதில்லை.

குடியேறிய உயிரணுக்கள் ஓயாமல் சுரப்பதில்லை. ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை, தட்டுவதுபோல ஒரு சிறு துளி. இந்தத் தட்டலின் தாளம் எவ்வளவு முக்கியமானது என்பதை 1978ஆம் ஆண்டில் ஏர்ன்ஸ்ட் நொபிலும் அவருடைய சகாக்களும் குரங்குகளில் காட்டினார்கள். விடுவிப்பானை மணிக்கு ஒருமுறை கொடுத்தால் கபச்சுரப்பி விழித்து வேலை செய்தது. அதே பொருளை இடைவிடாமல் கொடுத்தபோதோ, அது காதைப் பொத்திக்கொண்டது. வாசலில் ஒருவர் மரியாதையாகத் தட்டினால் கதவைத் திறக்கிறோம். ஓயாமல் இடித்துக்கொண்டே நின்றால் உள்ளே தாழிட்டுக்கொள்கிறோம் அல்லவா?

என் ஊசி செய்வது இதைத்தான். இயற்கையான விடுவிப்பான் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும். ஆறாவது மணியின் அருகே நொதியங்கள் அதனை வெட்டிவிடும். இரசாயனிகள் அந்த ஆறாவது மணியாகிய கிளைசினை எடுத்துவிட்டு, லூசினின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தை அங்கே கோத்தார்கள். கடைசி மணியைக் கழற்றி ஒரு சிறு வாலை ஒட்டினார்கள். வெட்டுப்படாத சரம் கிடைத்தது. அதை மெல்ல மெல்லக் கசியும்படி பொதிந்து உடலில் செலுத்தினால் மாதக்கணக்கில் கபச்சுரப்பியின் கதவை இடித்துக்கொண்டே இருக்கும். முதல் இரண்டொரு வாரம் ஆண்மை ஓமோன் உண்மையிலேயே கூடும். பிறகு கபச்சுரப்பி தாழிட்டுக்கொள்ள, அது அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஆண்மை ஓமோனை உண்டு வளரும் புற்றுநோய் பட்டினி கிடக்கும். 1941ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ஹகின்ஸ் இதே பட்டினியை அறுவைச் சிகிச்சையால் உண்டாக்கிக் காட்டி, அதற்காக 1966இல் நோபெல் பரிசும் பெற்றார். கத்தி செய்த வேலையை 1985 முதல் ஊசி செய்கிறது.

நன்மைதான், மறுக்கவில்லை. என் இரத்தப் பரிசோதனை எண்கள் இறங்கியிருக்கின்றன. ஆனால் எழுபது வயதுக்கு மேல் ஒருவனுக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று இளையவர்கள் எண்ணினால் அது சரியல்ல. மாதவிடாய் நின்ற பெண்களைப் போல எனக்கும் திடீரென்று உடலெல்லாம் அனல் மூளும். கண்டியின் மார்கழிக் குளிரில், நள்ளிரவில், போர்வையை உதறிவிட்டு யன்னலைத் திறப்பேன். "என்னப்பா, இந்தக் குளிருக்குள்ளே?" என்று மனைவி எழுந்து உட்காருவாள். நாற்பத்தெட்டு வருடத்து வாழ்வில் அவள் அனலில் வெந்த காலமும் ஒன்று இருந்தது. அப்போது நான் யன்னலைச் சாத்தச் சொல்லி முணுமுணுத்தவன். இப்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வருகிறாள். தோள்களின் வலிமை குறைந்தது, சிறு காரியத்துக்கும் கண் கலங்குகிறது. இந்த இழப்பின் நிறத்தைத்தான் வேலியின் உச்சியில் தினமும் பார்க்கிறேன். அவனுக்குச் சிவப்பு ஏறுகிறது, எனக்கு இறங்கிவிட்டது.

என்னிடம் படித்து, இன்று தானும் உயிரியல் ஆசிரியையாக இருக்கும் பெண் ஒருத்தி மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருவாள். மருந்துப் பெட்டியில் இருந்த விபரத்தாளை அவளிடம் கொடுத்து, மணிக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"சேர், அப்படியானால் உங்களுடைய சரத்தை வேலியில் இருக்கிறவருக்குக் கொடுத்தால் என்னவாகும்? அவருடையதை உங்களுக்குக் கொடுத்தால்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நல்ல மாணாக்கர் ஆசிரியர்களான பின்பும் கேள்வி கேட்பதை விடுவதில்லை. "பிள்ளை, கோழியில் இதனைச் செய்து பார்த்திருக்கிறார்கள்" என்றேன். பாலூட்டியின் சரத்தைக் கோழியின் கபச்சுரப்பி தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது. கோழியின் சரத்தைப் பாலூட்டியின் கபச்சுரப்பியோ அலட்சியம் செய்கிறது. மிக அதிகமாகக் கொடுத்தால்தான் திரும்பிப் பார்க்கும். பாலூட்டியின் பூட்டிலே ஆர்ஜினினைப் பிடிப்பதற்கென்று ஒரு தனிக் கொக்கி உண்டாகிவிட்டது. கோழிப் பூட்டுக்கு அந்த நுணுக்கம் இல்லை. பழைய மணியை விடாமல் வைத்திருந்தவன், அந்த மணி இல்லாதவனைப் படியேற்ற மறுக்கிறான். மணியை மாற்றிக்கொண்டவனோ எல்லோரையும் வரவேற்கிறான். மனித சமூகத்துக்கு உவமை சொல்ல இடமிருக்கிறது. நான் சொல்லப் போவதில்லை.

அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். "முதலையைப் பார்த்துவிட்டார்கள். நக்கிள்ஸ் மலையில் இருக்கிற நமது ஓணான்களை யார் பார்ப்பார்கள், சேர்?"

எங்கள் மேட்டிலிருந்து வடகிழக்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் தும்பறைக்கு அப்பால் அந்த மலைத்தொடர் தெரியும். அங்கே, உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் ஓணான் உண்டு. மூக்கின் நுனியில் இலைபோன்ற கொம்பு உடையது. 1861ஆம் ஆண்டில் அதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டபோது, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பெயரைச் சூட்டினார்கள். காட்டு மரங்களின் நிழலில் பயிரிட்ட ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவே அது மெல்ல ஊர்ந்து திரியும். அதே மலையில் முட்டையிடாமல் குட்டி ஈனும் குள்ள ஓணான் ஒன்று. அதைத் தனி இனம் என்று உலகம் அறிந்ததே 2006இல்தான். கண்டி நகரை ஒட்டிய உடவத்தகெலே காட்டிலும் கன்னொருவைக் காட்டிலும் மூக்கில் உருண்டைக் குமிழ் உடைய இன்னொன்று இருக்கிறது. பிடித்தால் செத்தது போலக் கிடந்து ஏமாற்றும்.

இவற்றின் மூளையிலே எட்டாவது மணி எது? குட்டி ஈனுவதற்கும் முட்டை இடுவதற்கும் ஆணை ஒன்றா, இரண்டா? பகலின் நீளம் ஆண்டு முழுவதிலும் பெரிதாக வேறுபடாத நமது நாட்டிலே, பருவம் வந்தது என்று அந்தச் சில உயிரணுக்களுக்கு அறிவிப்பது மழையா, வெப்பமா? விலங்கியல் படித்த எவனுக்கும் நாவூறும் கேள்விகள் இவை.

ஆனால் கேட்கும் முறை முக்கியம். பன்றிகளில் ஒன்றரை இலட்சம் மூளைகளை அரைக்கலாம். அவை எப்படியும் கசாப்புக்குப் போனவை. இலைமூக்கு ஓணானில் நூறு மூளைகளைக் கேட்டால், அறிவைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இனத்தையே அரைத்துக் குடித்தவர்களாவோம். நமது நாட்டிலே 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காவலுக்கு நிற்கிறது. ஆயினும் செல்லப் பிராணியாக வளர்ப்பதற்கென்று இவற்றைக் கடத்திச் செல்லும் வெளிநாட்டு வியாபாரம் ஓயவில்லை. அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் மாநாடு 2019ஆம் ஆண்டு கொழும்பில் நடப்பதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கேதான் இந்த இலைமூக்கும் குள்ள ஓணான்களும் வணிகத்துக்கு முற்றாகத் தடையுள்ள முதலாம் பட்டியலில் ஏறின. தன் ஊரில் நடக்க வேண்டிய வழக்கு அயலூரில் நடந்து, தீர்ப்பு மட்டும் நல்லதாக வந்து சேர்ந்தது.

நல்லவேளையாக, இன்று மாலையை எண்ணுவதற்கு மூளையை அரைக்க வேண்டியதில்லை. ஒரு துளி இரத்தம் போதும். அல்லது வீதியில் வாகனத்தில் அடிபட்டு இறந்த ஓர் ஓணானின் தசைத் துணுக்கு போதும். அதிலுள்ள பரம்பரையலகை வாசித்தால் பத்து மணிகளும் வரிசையாகத் தெரிந்துவிடும். இதை அவளிடம் சொன்னபோது உற்சாகப்பட்டாள். ஆனால் முழு உற்சாகத்துக்கும் இடமில்லை. எழுத்தைப் படித்தால் சரம் தெரியும். அந்தச் சரம் மூளையில் எங்கே சுரக்கிறது, எப்போது சுரக்கிறது, எந்தத் தாளத்தில் தட்டுகிறது என்பது எழுத்தில் இல்லை. அதற்கு மூளையே வேண்டும். என் சிகிச்சை முழுவதும் தாளத்தை ஒட்டியே நிற்பதை நினைத்துப் பாருங்கள்! ஆகவே சில கேள்விகளைக் கேட்காமல் வைத்திருப்பது நல்லது என்று நான் அவளிடம் சொன்னேன். பொதுவான ஓணான்களில் கேட்கக்கூடியதைக் கேட்டுக்கொள்ளட்டும். அந்த மலையில் இருப்பவற்றை இருந்த இடத்தில் இருந்து பார்க்கட்டும். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "தெரியாமல் எப்படிச் சேர் காப்பாற்றுவது?" என்றாள். அந்த விவாதம் எங்களிடையே இன்னும் முடியவில்லை.

சிறுவனாக இருந்தபோது நானும் ஈர்க்கில் சுருக்கிட்டு ஓணான் பிடித்தவன்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டாதே என்று பாட்டி சொன்னதைக் கேளாமல், மெய்யாகவே காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் அடியும் வாங்கியிருக்கிறேன். சென்ற வாரம் விடுமுறைக்கு வந்த பேரன் அதே ஈர்க்கை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனான். கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, தலை ஏன் சிவந்திருக்கிறது தெரியுமா என்று தொடங்கினேன். ஆறாவது மணி வருவதற்குள் அவன் கொட்டாவி விட்டான். "தாத்தா, அது கடிக்குமா?" என்பதே அவனுக்கு வேண்டிய விடை.

நேற்று, தண்ணீர்க் குழாயடியில் ஈரமண்ணைப் பெண் ஓணான் ஒன்று முன்காலால் தோண்டிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அதற்குள் வாலை இறக்கி அசையாமல் இருந்தது. பின்பு மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் தட்டித் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போயிற்று. மனைவி அந்த இடத்தில் ஓர் உடைந்த கூடையைக் கவிழ்த்து, மேலே செங்கல் ஒன்றை வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூனைக்காகவாம். குழாயைத் திருப்பும்போது வாளியைத் தள்ளி வைக்கும்படி எனக்கும் உத்தரவு.

அடுத்த ஊசி வரும் செவ்வாய்க்கிழமை.